பிரசவ கேஸ் ஷீட்டில் வலி தணிப்புக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் சிசேரியன் பிரசவங்கள் பெருகி வருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியாகும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் தவறாமல் வாசித்து வருகிறேன். தனியார் மருத்துவமனைகளின் வருமான நோக்கம், நாளும் நட்சத்திரமும் பார்த்துப் பிள்ளை பெற விரும்பும் குடும்பங்கள், உடலுழைப்புக் குறைந்துபோன வாழ்க்கை எனப் பல காரணங்கள் அவற்றில் சொல்லப்படுகின்றன. பிரசவ வலியைப் பற்றிய அச்சமும், அந்த வலியைத் தணிக்க என்னென்ன வழிகள் உண்டு என்று கர்ப்பிணிக்கு யாரும் எடுத்துச் சொல்லாததும் அவற்றோடு சேர்க்கப்பட வேண்டிய காரணங்கள் என்பதை, முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில், பெரும்பாலும் பிரசவ அறையிலேயே, செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் உறுதியாகச் சொல்வேன். அதைப் பற்றி மட்டுமே இக்கடிதத்தில் எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. மொத்தப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு, அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு. இந்திய அளவில் இந்த விகிதம் 21.5தான். எல்லோரும் 44.9 என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். நான் 99.6 என்ற எண்ணைப் பார்க்கிறேன். கிராமம் கிராமமாக நடந்து, கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, நடுராத்திரியில் ஆம்புலன்ஸ் வரவழைத்து, ஏறக்குறைய எல்லாப் பெண்களையும் நாம் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். எத்தனையோ தாய்மார்களின் உயிரைக் காத்த பெரும் வேலை அது; அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதில் பெருமைப்படுகிறேன். ஆனால் வந்து சேர்ந்த பெண்ணுக்கு இரத்த அழுத்தம் பார்த்து எழுதுகிறோம், குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணி எழுதுகிறோம், கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று எழுதுகிறோம். வலியை அவளால் தாங்க முடிகிறதா, அதற்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டு எழுதுவதில்லை.

நம் பேச்சு வழக்கும் இதற்கு ஒரு வகையில் காரணம் என்று நினைக்கிறேன். கருப்பை சுருங்குவதற்கே நாம் வலி என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். ‘வலி எடுத்துவிட்டதா?’, ‘வலி போதவில்லை’, ‘இது சூட்டு வலி, சீரகக் கஷாயம் குடித்தால் அடங்கிவிடும்’ என்றெல்லாம் சொல்லும்போது அந்தச் சொல் வேதனையைக் குறிப்பதில்லை. பிரசவம் நகர்கிறதா இல்லையா என்பதைக் குறிக்கிறது. ஆகவே வலி வருவது நல்லது, கூடக் கூட இன்னும் நல்லது என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. பிரசவ அறையில் ‘வலிக்கு ஊசி போட்டாயிற்று’ என்றால் ஆக்ஸிடோசின் ஏற்றியாயிற்று, அதாவது சுருக்கங்களை வலுப்படுத்தும் மருந்து ஓடுகிறது என்று பொருள். உரிய இடத்தில் அது உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் வெளியே மர பெஞ்சில் காத்திருக்கும் தாய், ‘வலிக்கு ஊசி போட்டுவிட்டார்களாம், இனிமேல் பிள்ளை கொஞ்சம் தூங்கும்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆறுதல் அடைந்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். உள்ளே அவருடைய மகளுக்கு அந்த நேரத்தில் வலி இரண்டு மடங்காகியிருந்தது. கருப்பை வாய் இளகுவதற்கென்று போடப்படும் ஊசிகளும் அப்படித்தான். வலியைத் தணிப்பதற்கென்று கொடுக்கப்படுபவை அல்ல அவை. இந்த வேறுபாட்டைக்கூட நாங்கள் யாருக்கும் விளக்கியதில்லை.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தலைச்சன் பிரசவத்துக்கு வந்திருந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஏதாச்சும் பண்ணுங்க சிஸ்டர்” என்று கெஞ்சினாள். அன்றைக்கு இரவுப் பணியில் ஏழு பிரசவங்களுக்கு நாங்கள் இரண்டே பேர். “பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கம்மா, எல்லாரும் இப்படித்தான் பெத்தாங்க” என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அதே அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா ஒருவர், வேலையை நிறுத்திவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முதுகின் அடியில் இடுப்பெலும்பின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து ஒவ்வொரு வலிக்கும் அழுத்திப் பிடித்தார். வலி வரும்போது அழுத்தம், போனதும் ஒரு வாய் வெந்நீர், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் அலறல் முனகலாகக் குறைந்தது. குழந்தை தாயின் வயிற்றுப் பக்கம் முகம் திருப்பியிருக்கும்போது அதன் பின்மண்டை தாயின் முதுகெலும்பில் அழுந்தி இடுப்பே பிளப்பது போன்ற வலி வரும் என்பதும், அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிப்பது பெரும் நிவாரணம் தரும் என்பதும் எனக்குப் பாடத்தில் படித்துத் தெரியும். படிக்காத அந்த அம்மாள் செய்ததைப் படித்த நான் அதுவரை ஒரு நாளும் செய்ததில்லை. அந்த இரவை நினைக்கும்போது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எங்கள் ஊர் மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிறார். காவிரியில் வெள்ளம் வந்து, மகளின் பேறுகாலத்துக்குப் புறப்பட்ட தாய் அக்கரையிலேயே நின்றுவிட, தனியே வலியில் துடித்த பெண்ணுக்கு ஈசனே அந்தத் தாயின் உருவில் வந்து துணையிருந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். கர்ப்பிணிகளின் குடும்பத்தார் இன்றும் அவருக்கு வாழைத்தார் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். வலியில் இருப்பவளுக்கு முதலில் வேண்டியது பக்கத்தில் ஒரு ஆள் என்பதை நம் முன்னோர் அவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார்கள். இன்றைய மருத்துவ ஆய்வும் அதையே சொல்கிறது. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, பிரசவம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்து ஆதரவு தந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதலாகவும், சிசேரியனும் வலி மருந்தின் தேவையும் குறைவாகவும், பிரசவ நேரம் சற்றுக் குறுகியும் இருந்தன. மத்திய சுகாதாரத் துறை 2016லேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கலாம் என்று அறிவித்தது. நம் மாநிலத்திலோ அதற்கும் முன்பிருந்தே அந்த ஏற்பாடு உண்டு. ஆயினும் நடைமுறையில், கட்டில்களுக்கு இடையே ஒரு திரைகூட இல்லாத அறைகளில், மற்றப் பெண்களின் மறைவைக் காரணம் காட்டித் துணைக்கு வந்தவரை வெளியே அனுப்புவது தொடர்கிறது. நாலு திரைச்சீலையும் அவற்றை மாட்ட ஒரு கம்பியும் வாங்கினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

மருந்தே இல்லாமல் செய்யக்கூடியவை இன்னும் உண்டு. சிக்கல் ஏதும் இல்லாத பெண்ணை வலி தொடங்கியதிலிருந்து மல்லாக்கப் படுக்கவைப்பது பழக்கமாகிவிட்டது. பரிசோதிக்கும் எங்களுக்கு அது வசதி, அவளுக்கு அல்ல. மல்லாந்து படுக்கும்போது கருப்பையின் எடை பெரிய இரத்தக்குழாய்களின் மேல் அழுந்துகிறது, வலியும் கூடுகிறது. கருப்பை வாய் திறந்துவரும் முதல் கட்டத்தில் நின்றும் நடந்தும் உட்கார்ந்தும் இருந்த பெண்களுக்கு, படுத்தே இருந்தவர்களைவிட அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைவாக இருந்தது என்பது மற்றொரு ஆய்வுத் தொகுப்பின் முடிவு. தலைச்சன் பிரசவத்தில் கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறும்போது, அந்த 82 நிமிடம் எவ்வளவு பெரிது என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள். இடுப்பில் வெந்நீர் ஒத்தடம், வெதுவெதுப்பான நீரில் குளியல், முதுகு நீவிவிடுதல், மூச்சை மெதுவாக விடப் பழக்குதல் ஆகியவற்றுக்கும் செலவு என்று ஒன்றும் இல்லை. கருப்பை வாய் முழுதும் திறக்கும் முன்பே ‘முக்கு, முக்கு’ என்று அதட்டாமல் இருந்தாலே அவள் களைத்துப் போகாமல் இருப்பாள்.

முதுகுவலி மிகுந்த பெண்களுக்கு, இடுப்பெலும்பின் மேல் நான்கு இடங்களில் தோலுக்கடியில் கிருமி நீக்கிய வெறும் தண்ணீரைத் துளித்துளியாக ஊசி மூலம் செலுத்தும் ஒரு முறை வெளிநாடுகளில் இருக்கிறது. போடும்போது குளவி கொட்டியதுபோல் அரை நிமிடம் எரியும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முதுகுவலி வெகுவாகக் குறையும். மயக்க மருத்துவர் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே போடலாம். இதை நம் மருத்துவக் கல்லூரிகள் ஏன் முயன்று பார்க்கக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை.

மருந்துகளில் என்டோனாக்ஸ் எனப்படும் வாயு எளிமையானது. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்ஸிஜன். முகமூடியையோ குழாயையோ அந்தப் பெண்ணே கையில் பிடித்துக்கொண்டு, வலி தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் இழுக்க வேண்டும். அரை நிமிடத்தில் வேலை செய்யும், நிறுத்தினால் சில நிமிடங்களில் உடலை விட்டு நீங்கிவிடும். வலியை முற்றாக நீக்காது, மழுக்கும். சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். அறையில் நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும் என்பது ஊழியர்களின் நலனுக்காகச் சொல்லப்படும் முக்கியமான நிபந்தனை. இங்கிலாந்தில் பிரசவ அறை என்றாலே இந்த வாயு இருக்கும். பெத்திடின் போன்ற ஊசிகளும் உண்டு; ஆனால் அவை தரும் நிவாரணம் ஓரளவே, தாய்க்கு மயக்கமும் வாந்தியும் வரும், பிரசவத்துக்குச் சற்று முன்பு போட்டுவிட்டால் பிறக்கும் குழந்தை மூச்சுவிடத் தாமதிக்கலாம். ஆகவே நேரம் கணித்துப் போட வேண்டிய ஊசிகள் அவை.

இனி எபிடியூரல். ‘வலியில்லாப் பிரசவம்’ என்று விளம்பரப் பலகைகளில் எழுதப்படுவது இதுதான். கீழ் முதுகில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி, அதன் வழியே ஒரு மெல்லிய குழாயை உள்ளே வைத்து, ஊசியை எடுத்துவிட்டு, அக்குழாய் மூலம் மரப்பு மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறார்கள். இருபது நிமிடங்களில் வலி அடங்கத் தொடங்கும். இன்று இருக்கும் வழிகளில் மிகுந்த நிவாரணம் தருவது இதுவே என்பதில் ஐயமில்லை. அதே நேரத்தில் இதைப் பற்றி நம் குடும்பங்களில் உலவும் அச்சங்களில் எது உண்மை, எது பொய் என்று சொல்லியாக வேண்டும். முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்பது தவறு. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டகால முதுகுவலியில் வேறுபாடு இல்லை என்று 11,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய, 2018இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. எபிடியூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்பதும் தவறு. சிசேரியன் விகிதம் கூடவில்லை என்பதே அதே தொகுப்பின் முடிவு. ஆனால் பிரசவ நேரம் ஓரளவு நீளலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், சிறுநீர் கழிக்க முடியாமல் குழாய் வைக்க நேரலாம், ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து மறுபக்கம் வலித்துக்கொண்டே இருக்கும். இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும், இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும் இது கூடாது. போட்ட பிறகு இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் துடிப்பையும் விடாமல் கவனிக்க ஆள் வேண்டும். ‘வலியில்லாப் பிரசவம்’ என்ற பெயர் இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது. ‘வலி தணித்த பிரசவம்’ என்று சொல்வதே நேர்மை.

இதற்கு மயக்க மருத்துவர் ஒருவர் பிரசவ அறைக்கென்றே இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது முடியாது என்பதை நான் நன்கு அறிவேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில்கூட இரவில் பணியில் இருப்பவர் அவசர அறுவைச் சிகிச்சைகளுக்கே போதமாட்டார். பணம் கொடுத்தால் கிடைக்கும் இடத்திலும் நிலைமை உறுதியானதல்ல. என் மகள் ஏழாம் மாதத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் எபிடியூரல் கிடைக்குமா என்று கேட்டாள். ‘அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றார்கள். அந்த நேரம் பின்னிரவு இரண்டு மணிக்கு வந்தது. மயக்க மருத்துவர் காலையில்தான் வருவார் என்றார்கள். வேறு எந்த வழியும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. நாலரை மணிக்கு அவளே சிசேரியன் செய்துவிடுங்கள் என்று கேட்டாள், கையெழுத்தும் போட்டாள். அந்த அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் மயக்க மருத்துவர் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். தாயும் சேயும் நலம். ஆனால் கேஸ் ஷீட்டில் ‘நோயாளியின் விருப்பப்படி’ என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். என் மகள் விரும்பியது சிசேரியனை அல்ல என்பதை அங்கே எவரும் எழுதவில்லை.

வலியைத் தாங்கிப் பெற்றால்தான் தாய்ப்பாசம் இருக்கும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தபோதும் இதைப் போன்ற எதிர்ப்புகள் எழுந்தன. 1853இல் விக்டோரியா அரசி தம் எட்டாவது குழந்தையைப் பெறும்போது ஜான் ஸ்நோ என்ற மருத்துவரிடம் அதையே வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது. மருந்தே வேண்டாம் என்று மன உறுதியோடு பெறும் பெண்களையும் நான் கண்டிருக்கிறேன், அவர்களை வணங்குகிறேன். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பதே என் வாதம். அவளைக் கேட்காமலே நாங்கள் ‘வேண்டாம்’ என்று முடிவு செய்து வந்திருக்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பிரசவத்தைக் கண்காணிப்பதற்கென்று ஒரு புதிய படிவத்தை வெளியிட்டது. அதில் குழந்தையின் துடிப்புக்கும் தாயின் நாடிக்கும் மேலே, தொடக்கத்திலேயே நான்கு வரிகள் இருக்கின்றன: துணை இருக்கிறாரா, வலி தணிப்பு கிடைத்ததா, குடிக்க ஏதாவது கொடுக்கப்பட்டதா, எந்த நிலையில் இருக்கிறார். முதல் மூன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘அவர் மறுத்தார்’ என்று மூன்று விடைகள் உண்டு. ‘இல்லை’ என்று எழுத நேர்ந்தால் அது எச்சரிக்கைக் குறி. உடனே ஏதாவது செய்தாக வேண்டும். மல்லாந்து படுத்திருப்பதும் எச்சரிக்கைக் குறியே. இந்த நான்கு வரிகளையும் தமிழகத்தின் எல்லா மருத்துவமனைகளிலும், அரசு தனியார் என்ற வேறுபாடின்றி, பிரசவ கேஸ் ஷீட்டில் கட்டாயமாக்க வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எபிடியூரலுக்கு ஆள் போடுவதற்குக் காலம் பிடிக்கும். கட்டம் அச்சடிப்பதற்குப் பிடிக்காது. கட்டம் இருந்தால் செவிலியர் கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டு ‘இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துபோக மனம் வராது. என்னிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அந்த இரவில் நான் கையை விடுவித்துக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அதுவரை, கர்ப்பிணிகளும் அவர்களை அழைத்துச் செல்லும் தாய்மாரும் கணவரும் ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. பிரசவ அறைக்குள் என்னுடன் யார் வரலாம்? எழுந்து நடக்க விடுவீர்களா? வலி தாங்க முடியாவிட்டால் இங்கே என்னென்ன உண்டு, அவற்றில் எது இரவு இரண்டு மணிக்கும் கிடைக்கும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடையை வாங்காமல் எழுந்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.